இன்சியல்

பெருந்துறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்:
"இதுக்கு முன்னாடி எப்படிங்க,
நாலு பேரோட பழகுவாருங்களா?"

நாலு பேரா.
காசிபாளையத்திலிருந்து சென்னிமலை வரை
எந்த மண்டபமானாலும்
மொய் நோட்டு பூபதி கையில்தான்.
கவரை நீட்டும் முன்பே
இன்சியல், ஊர், தோட்டத்துப் பேர்
மூன்றையும் எழுதி முடித்திருப்பான்.
"மாமா, முட்டி வலி தேவலைங்களா?"
மீதிச் சில்லறையோடு அதையும் தருவான்.

"செரி, எப்ப இருந்து மாறுனாரு?"

ஒரு தேதி சொல்ல வரவில்லை எனக்கு.
பங்குனியில் கம்பம் ஆட எல்லோரும் இறங்கியபோது
சலங்கை கட்டாமல் ஓரமாக நின்றான்.
கால் சுளுக்கு என்றான். நம்பினோம்.
கம்பெனி வேனில்
டிரைவர் பக்கத்து இடத்தை விட்டு
கடைசி சீட்டுக்குப் போனான்.
அங்கேதான் காத்து வருதாம்.
பங்காளிகள் குரூப்பில்
பூபதி வெளியேறினார் என்று போன் காட்டியது.
யாரோ சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார்கள்.
நான்தான் போட்டேன்.

அம்மாவுக்கு அந்த ஆடி முழுக்கச் சந்தோசம்:
"இப்பத்தான் பையன் ஊடு தங்கறான்."

ஐப்பசியில் மாமன் மகள் கல்யாணம்.
பன்னிரண்டாம் பக்கம் வரை
அச்சடித்த மாதிரி அவன் எழுத்து.
அதன் பிறகு
ஐநூறு.
ஆயிரத்தொன்று.
இருநூறு.
ஐநூறு.
ஆள் இல்லை, ஊர் இல்லை,
எட்டுப் பக்கத்துக்கு வெறும் தொகை.

யார் செய்தது, யாருக்குத் திருப்பிச் செய்வது என்று
கார்த்திகை தாண்டியும் சண்டை.
மாமன் நோட்டைத் தூக்கி அவன் மடியில் எறிந்தார்.
எல்லோரும் கேட்டோம்,
கணக்கை.

தை மூன்றாம் நாள் ராத்திரி
மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான்,
பேர் விட்டுப்போனவங்க எல்லாம்
வாசலில் வந்து நிற்கிறாங்களாம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பார்க்கத்தான் செய்தேன், அவன் சொன்னதால்.

இதில் எதை எழுதிக்கொண்டார் டாக்டரம்மா, தெரியாது.
பக்கத்து ஸ்டூலில் அவன்.
மூன்று நாளாகப் பேச்சில்லை.
டோக்கனை நான்காக மடித்து,
பிரித்து, மடித்து.

அவர் தாளைத் திருப்பியபோது
எட்டிப் பார்த்தான்.

"இன்சியல் உட்டுட்டீங்க" என்றான்.
"கே.
கே. பூபதி, காசிபாளையம்,
பள்ளக்காட்டுத் தோட்டம்."