அட்டை

ஞாயிறு இரவு பத்தரை.
வெள்ளவத்தையில், தொடர்மாடிக் குளியலறையில்
சப்பாத்தைக் கழற்றுகிறேன்.
வலக் காலுறையின் மடிப்புக்குள்
குடித்து முடித்த ஓர் அட்டை,
உருண்டு, நாவற்பழம் போல.
ஓஹியாவிலிருந்து கோட்டை வரை
டிக்கட் இல்லாமல் வந்திருக்கிறது.
டிக்கட் எடுத்த நான் நின்றுகொண்டு வந்தேன்.

வெள்ளி இரவு போனோம், தபால் ரயிலில்,
கணக்குப் பிரிவின் நாலு பேர்:
ரிஸ்மி, துலானி, நான்,
முழங்காலுக்கு உறை மாட்டிய ஜெரோம் அண்ணை.
"இந்த வயதில் ஏன் அண்ணை?" என்றால்
"இந்த வயதில்தான்" என்பார்.
அதற்கு மேல் சொல்லமாட்டார்.
றாகமையில் கச்சான் வாங்கினோம்.
நாவலப்பிட்டி தாண்டியதும்
கால்விரல் வழியாக ஏறியது குளிர்.
நானு ஓயாவில் காரணம் சொல்லாமல்
ஒன்றரை மணித்தியாலம் நின்றது வண்டி.
அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத்தான்
பிறகு மூடுபனி எடுத்துக்கொண்டது.

ஏற்றம், பதினொரு கிலோமீற்றர்.
முதல் வளைவில் பேச்சு நின்றது.
மூன்றாவதில் சிரிப்பு.
அப்புறம் நாலு மூச்சுகள் மட்டும்
ஒன்றையொன்று முந்திக்கொண்டு.
மலைப்பூவரசு சிவந்த இடமெல்லாம் நின்று
பூவைப் பார்ப்பதுபோல
முழங்காலை ஆற்றினார் அண்ணை.

வாசலில் பைகளைத் திறக்கச் சொன்னார்கள்.
சொப்பிங் பேக், பிஸ்கட் உறை,
தண்ணீர்ப் போத்தலின் லேபல்கூட
உரித்தெடுத்தார் காவலர்.
காட்டுக்குள் எதுவும் தன் பெயரோடு போகக்கூடாதாம்.
பிறகு அடையாள அட்டை கேட்டார்.
துலானியுடையதை ஒருமுறை பார்த்தார்.
என்னுடையதில் பெயரை வாசித்தார், முகத்தைப் பார்த்தார்,
பெயரை மறுபடி வாசித்தார்.
படம் மங்கலாக இருந்திருக்கலாம்.
காட்டின் அட்டை ஒன்றும் கேட்கவில்லை.
நாலு பேர் கால்களிலும்
ஒரே மாதிரித்தான் ஏறியது.

உலக முடிவு என்றது பலகை.
முன்னால் வெள்ளை. கீழே வெள்ளை.
தெளிந்த நாளில் தெற்கே கடல் தெரியுமாம்.
எங்களுக்குத் தெரிந்தது
அண்ணையின் முதுகு, அதில் வியர்வையின் ஒரு தீவு.
நாற்பது நிமிடம் காத்திருந்தோம்,
வங்கியில் டோக்கன் எடுத்தவர்கள் போல.
அப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து,
மிக மிகக் கீழே,
ஒரு நாய் குரைத்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அந்தக் குரைப்பை வைத்துத்தான்
ஆழத்தை அளந்துகொண்டோம்.
துலானி மட்டும் கம்பியை விட்டு
இரண்டடி பின்னால் வந்தாள்.

திங்கள் காலை ஐந்தேமுக்கால்.
குழாயில் தண்ணீர் இல்லை.
தாங்கியின் மிதவை திரும்பவும் சிக்கியிருக்கும்.
தொடையிரண்டும் முறையிட
மொட்டைமாடிக்கு ஏறினேன்.
இரவு பெய்த மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது.
கிழக்கே, கிரேன்களுக்கும் தகரக் கூரைகளுக்கும்
தூரத்துத் தென்னைகளுக்கும் அப்பால்,
வானத்தின் அடி ஓரத்தில்
நீலமாய் ஒரு முக்கோணம்.
மேகம் என்று நினைத்தேன்.
மேகத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.
சிவனொளிபாதமலை.
பதினாலு வருடம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன்.
உடுப்புக் காயப்போடத்தான் இங்கே வந்திருக்கிறேன்,
அதுவும் மேற்கே, கடலைப் பார்த்த கொடியில்.

படம் எடுத்தேன்.
படத்தில் விழுந்தது தாங்கியின் குழாய் மட்டும்.
அண்ணைக்கு அனுப்பினேன்.
"நல்ல குழாய்" என்று பதில் வந்தது.
அதற்குள் வெயில் ஏறி,
காலி வீதியின் புகையும் ஏறி,
கிழக்கு வழக்கமான கிழக்காகிவிட்டது.

நூறாம் இலக்க பஸ்ஸில் நிற்கிறேன்.
கணுக்காலில் இன்னும் கசிகிறது,
வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டு.

அதை உப்புப் போட்டுக் கொல்லவில்லை.
பல்கனியில் செம்பருத்திச் சாடிக்குள் விட்டேன்.
காலையில் பார்த்தால் காணோம்.
எந்த மாடியில் ஊர்கிறதோ.
கொழும்பில் அதற்கு யாரையும் தெரியாது,
என் இரத்தத்தைத் தவிர.