பதினெட்டு விழுக்காடு

முப்பத்தொரு வருடம் பாசிர் பாஞ்சாங்கில்
கிரேன் கூண்டுக்குள் குனிந்திருந்து
பெட்டி பெட்டியாய் இறக்கியவன் நான்.
காற்றில் ஆடும் நாற்பதடிப் பெட்டியை
ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து
லாரி மேல் முட்டைபோல வைப்பேன்.

இன்று என்னைத் தூக்குகிறார்கள்.
இடுப்பில் பட்டை, தொடையில் பட்டை,
தலைக்கு மேல் கொக்கி.
ஆடாதீங்க அங்கிள், என்கிறாள் சுஹைலா
எனக்குப் புரிகிற துறைமுக மலாயில்.
கொக்கியில் தொங்குவது எதுவானாலும்
கொஞ்சம் ஆடும் என்று
அவளுக்கு யார் சொல்வது.

இயந்திரம் என் இடது காலை எடுத்து
முன்னால் வைக்கிறது. பிறகு வலது.
இத்தனை ஒழுங்காக நான் என்றைக்குமே நடந்ததில்லை.
கண்ணாடிக்கு அப்பால் புனிதவதி
கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பார்க்கிறாள்;
கல்யாணத்தன்று கூட
இப்படிப் பார்த்ததில்லை.

நடப்பது யார் என்றுதான் தெரியவில்லை.
திரை சொல்கிறது:
உங்கள் பங்கு பதினெட்டு விழுக்காடு.
மீதி எண்பத்திரண்டை மின்சாரம் நடக்கிறது.
வியர்வை மட்டும் முழுக்க என்னுடையது.

போன மாதம், பூன் லே ரயில் நிலையத்தில்
ஒரு சீனப் பையன் பின்னாலேயே ஓடி வந்தான்,
கையில் என் சிலிப்பர்.
கழன்று ரொம்ப தூரமாம்.
வெறுங்காலை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.
தரை சொல்லவில்லை, கால் சொல்லவில்லை,
அவன் சொன்னான்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இருபத்தாறு. முப்பத்தொன்று.
மறுபடி இருபத்திரண்டு.
மெஷினுக்கு இன்றைக்குச் சோம்பல், என்பேன்.
சுஹைலா சிரிக்க மாட்டாள்.
ஒருநாள் என்னிடம் சொல்லாமலே
உதவியைக் குறைத்துவிட்டாள்.
முழங்கால் மடங்கப் பார்த்தது.
எங்கிருந்தோ, வெகு தாமதமாக,
இனி வராது என்று நினைத்த பஸ்
வந்து நிற்பதுபோல
தொடை இறுகியது.
அவள் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள்,
எந்தப் பொத்தான் மேலும் விரல் இல்லை.

நேற்று புளோக்குக்குக் கீழே
கோப்பிக் கடையிலிருந்து திரும்பும்போது
சாக்கடை மூடி ஓரத்தில்
இடது சிலிப்பர் நழுவியது.

நழுவியது எனக்குத் தெரிந்தது.
பெருவிரலில் ஒரு குளிர்,
காலை மழை மிச்சம் வைத்த சிமெண்டு.

நின்றேன்.
எடுக்கக் குனிந்தாள் புனிதவதி.
இரு, என்றேன்.
கொஞ்ச நேரம்
அப்படியே கிடக்கட்டும்.