மூன்றாவது குப்பி

என் வாயை முதலில் பரிசோதித்தது
இந்தப் புதுச்சேரி ஆஸ்பத்திரி இல்லை.
பதினான்கு வருஷமாகக்
கதவைத் திறந்ததும் அஞ்சலாட்சி
"ஊது" என்பாள்.
குவார்ட்டரா, ஆஃபா,
யார் வாங்கிக் கொடுத்தது என்பதுவரை
மூக்காலேயே சொல்லிவிடுவாள்.

இங்கே ரோசலின், பாகூர்க்காரப் பெண்,
பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்ளே, நாக்கில்,
ஆடும் கடைவாய்ப் பல்லின் அடியில்
துடைத்தெடுத்துக் குப்பியில் போட்டாள்.
முதல் நாள். கை நடுக்கத்தில்
கையெழுத்து கோட்டைவிட்டு ஓடியது;
கட்டைவிரலை உருட்டிக்கொண்டார்கள்.
"இது காலைல, கக்கூஸ்ல" என்று
இன்னொரு குப்பியையும் நீட்டினாள்
முகம் சுளிக்காமல்.

எதுக்கும்மா இதெல்லாம்?
"உங்க வாயிலயும் குடல்லயும்
கோடிக்கணக்குல குடியிருக்காங்கண்ணே.
யாரு போய்ட்டாங்க, யாரு மிச்சம்னு பாக்கத்தான்."

அன்றிரவு ஊசிக்கும் அடங்காமல்
சுவரில் எறும்பு ஊர்ந்தது.
எறும்பே இல்லை என்றார்கள்.
குடி குடியைக் கெடுக்கும் என்று
எழுத்துக் கூட்டிப் படித்தபடியேதான்
இத்தனை வருஷம் மூடியைத் திருகினேன்.
அந்த இரண்டாவது குடி
அஞ்சலாட்சியும் பையனும் என்றிருந்தேன்.
இவ்வளவு பேரா?
தின்ற சோற்றைப் பிரித்து வேலை பார்த்தவர்கள்,
குடல் சுவர் ஒழுகாமல்
பூச்சு பூசிக்கொண்டிருந்தவர்கள்.
அவர்கள் தலையில் மூன்று வேளையும் பிராந்தி.
தானே புயலுக்கு மறுநாள்
எங்கள் பக்கத்து முந்திரிக்காடு கிடந்தபடி
கிடக்குமோ உள்ளே?
வாயில் வேறு கதையாம்:
சாராயத்தை விஷமாக்கித் தருகிற ஒரு கூட்டம்
பல்லிடுக்கிலேயே கடை போட்டிருந்ததாம்.

ஏழாம் நாள் இரண்டாவது குப்பி.
ரசத்தில் உப்பு இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவதை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்கள்.
ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில்
என்னைத் தெரிந்த ஏட்டு
பையைத் திறடா என்றார்.
நம்பர் ஒட்டிய காலிக் குப்பி.
"கட்டிங் அளவுகூட இல்லியே."
எதற்கென்று சொன்னதும்
கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள் காலை
முதுநகரில் அரைக் கிலோ ஐஸ் வாங்கினேன்.
"என்ன மீனு?" என்றான் ஐஸ்காரன்.
நான் சொல்லவில்லை.

கன்னியக்கோயிலில்,
சரியாக அந்தக் கடைக்கு எதிரில்,
பஸ் பஞ்சர்.
ஷட்டர் ஏறும் சத்தத்துக்கு வாய் ஊறியது.
ஊறியது யாருக்கு என்று தெரியவில்லை:
எனக்கா,
கடைவாயில் இன்னும் காலி செய்யாத
பழைய கூட்டத்துக்கா?
ஜாக்கி வைத்து, நட்டு கழற்றி,
டிரைவர் பீடி பற்றவைத்து...
மடியில் ஐஸ் கரைந்து
வேட்டி நனைந்தது.
வைராக்கியம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.
ஐஸ் உருகினால் குப்பி கெட்டுவிடும்,
அவ்வளவுதான்.
பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்,
ஒரு கையில் கம்பி,
ஒரு கையில் என் குடலின் ஊர்க்காரர்கள்.

ரோசலின் வாங்கி நம்பர் பார்த்தாள்.
"போனவங்க யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களாம்மா?"
"ரிசல்ட்டு வர ஆறு மாசம் ஆகும்ண்ணே.
வந்தாலும்
உங்களுக்குன்னு தனியா சொல்லமாட்டாங்க."

ராத்திரி கதவைத் திறந்தவள்
ஊது என்று சொல்லவில்லை.
நானே ஊதினேன்.
கண்ணை மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
"நாறுது," என்றாள்,
"அந்தச் சொத்தப் பல்லப் புடுங்கிப் போடு."