கடைசியாகப் போட்டது எப்போது

வற்றத்துக்கு இறங்கிய பெண்கள்
பதினொரு மணிக்குத்தான் கரையேறுவார்கள்.
அதுவரை சின்ன ஏர்வாடியில்
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில்
நானும் நீலப்பெட்டியும்.

"உள்ள என்ன மீனு?" என்கிறான்
ஐஸ் வண்டி சகாபுதீன்.
மருந்து. உறையவும் கூடாது, வேகவும் கூடாது.
"அப்ப நம்ம மீனவிட வம்பு புடிச்சது."

வருகிறார்கள்.
நெற்றியில் ஏற்றிய கண்ணாடி,
இடுப்பில் சொட்டும் சாக்கு,
பாதத்தில் தகரம் வெட்டிக் கட்டிய செருப்பு.
விரல் விரலாய்ச் சுற்றிய துணியை
அவிழ்க்க அவிழ்க்கத் தெரிகின்றன
பார்க்கல் கிழித்த வெளிறிய வாய்கள்.
ரத்தத்தைக் கடல் கழுவிவிட்டது.
மற்றதை நான்தான் கேட்க வேண்டும்.

ரணஜன்னி என்று சொன்னால் சிரிப்பார்கள்.
நங்கூரம் மிதித்த மாரிச்சாமி என்றால்
சிரிப்பு நின்றுவிடும்.
கஞ்சிக் கரண்டி பல்லிடுக்கில் நுழையவில்லை;
கதவிடுக்கு வெளிச்சம் பட்டாலே
வில்லாய் வளைந்தான்,
மதுரையில், இருட்டறையில், இருபத்தாறு நாள்.
பிழைத்தான்.
பேசும்போது இன்னும் தாடையைத் தடவிக்கொள்கிறான்.

சரி. பதிவேட்டில் கட்டம்:
கடைசியாக டி.டி. போட்டது எப்போது?

நம்புத்தாய் விரலை மடக்குகிறாள்.
"ரெண்டாமவ வயித்துல இருக்கையில."
அவளுக்கு என்ன வயசு இப்ப?
"கட்டிக்குடுத்தாச்சு. அவளே இப்ப
மாசமா இருந்து ஊசி போட்டுக்கிட்டு வாரா."

அடுத்தவளுக்கு, மூத்தவன் வயிற்றில் இருந்தபோது.
அதற்கடுத்தவளுக்கு, தங்காமல் போன ஒன்று இருந்தபோது.

பள்ளிக்கூடத்தில் பத்து வயசுக்கு வரிசை உண்டு,
பதினாறுக்கு உண்டு.
ஆணி ஏறிய ஆண்கள்
நொண்டிக்கொண்டு அவர்களாகவே வருவார்கள்.

சாயராணிக்குப் பிள்ளை இல்லை.
பள்ளிக்கூடமும் இல்லை.
கேள்வியைக் கேட்டவள்
மரிக்கொழுந்துப் பாசியை
ஒரு பிடி எடுத்துப் பிழிகிறாள்.
"எனக்கு யாரு போட்டா?"

இருபத்திரண்டு வருஷம் கடலுக்குள்
வெறுங்கையோடு இறங்கியிருக்கிறாள்.
என் பதிவேட்டில்
கர்ப்பிணிக்கு ஒரு பக்கம், குழந்தைக்கு ஒரு பக்கம்.
பெட்டி மூடியை அளவுகோலாக வைத்து
பின்னட்டையில் கோடு போடுகிறேன்.
சாயராணி. முதல் ஊசி.
இன்னும் ரெண்டு இருக்கு, ஏமாத்திராதீங்க.

"கை கடுக்குமா?"
ரெண்டு நாள். பாசி எந்தக் கையால பறிப்பீங்க?
"ரெண்டாலயும்."

இடது தோளைத் துடைக்கிறேன்.
உப்பு போக
இன்னொரு பஞ்சு எடுக்க வேண்டியிருக்கிறது.