டிரக்டர் வராத மூன்று செவ்வாய்

முதல் செவ்வாய்
டிரக்டருக்கு ஏதோ பழுது என்றார்கள்.
படலையில் தொங்கிய பை
தொங்கியபடியே நின்றது.

இரண்டாம் செவ்வாயும் வரவில்லை.
வெள்ளி இரவு நாய்கள் வந்தன.

விடியப் பார்த்தால்
நொச்சிமுனை ஒழுங்கை முழுக்க
எங்கள் வீடு பரவிக் கிடக்கிறது.
பதினொரு ஷாம்பு பக்கட்.
தவநேசன் ஒளித்துத் தின்ற
முந்திரி பிஸ்கட்டின் பொன்னிறத் தாள்.
கட்டவிழ்க்காமலே அழுகிய கீரை.
பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் சின்னது,
அதற்குள் காற்றடைத்த பை,
அதற்குள் வந்திருந்தது
ஒரு போன் கவர்.

விளக்குமாறோடு வந்த புஸ்பராணி
கீரைக்கட்டைக் காலால் ஒதுக்கினாள்.
"என்னகா, இவ்வளவு சனமா உங்கட வீட்டுல?"
மூன்று பேர், என்றேன்.

அள்ளும்போது பார்த்தேன்,
கீரை அழுகியிருந்தது,
அதில் ஒட்டிய விலைச்சீட்டு அழுகவில்லை.
இரண்டு எடுத்தால் ஒன்று சும்மா என்று
சிவப்பில் எழுதியிருந்தது.
முழங்கைவரை மணத்தது அந்தச் சும்மா.

ஞாயிறு
பால்மாப் பேணி இரண்டு, ஊறுகாய்ப் போத்தல் ஒன்று
கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு
மேகராசா கடைக்குப் போனேன்.
கடன் கேட்கப் போவதுபோல் கூச்சம்.
அவர் வெறும் போத்தலைத் தராசில் வைத்தார்.
முந்நூற்றுப் பதினைந்து கிராம்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதினார்.
பருப்பைக் கொட்டினார்,
வெறும் போத்தலைக் கழித்தார்.

எத்தனை வருடமாய்க் கடைக்குப் போகிறேன்.
உள்ளே ஒன்றுமில்லாததற்கும் நிறை உண்டென்று
ஒருவரும் எனக்கு நிறுத்துக் காட்டியதில்லை.
அதற்கும் சேர்த்துத்தான் இத்தனை நாளும்
காசு கொடுத்திருக்கிறேன் போல.

மூன்றாம் செவ்வாய்க்கு நான் காத்திருக்கவில்லை.
மீன்தலையை வாழையடியில் புதைத்தேன்.
அதே நாய்கள் கிண்டின.
இன்னும் ஆழமாய்ப் புதைத்தேன்.
மீன்காரரின் ஹோர்ன் கேட்டால்
சட்டியோடு ஓடினேன்.
"பை வேணாமா?" என்று
ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கேட்டார்.

காத்தான்குடிக்கு, ஜவுபர் நானாவின் கடைக்கு,
மகளுக்கு யூனிபோர்ம் எடுக்கப் போய்
எடுக்காமல் திரும்பினேன்.
பழைய கவுணின் விளிம்பில்
இரண்டு விரல் துணி மடிந்திருப்பது
பஸ்ஸில் போகும்போதே நினைவு வந்துவிட்டது.
அவிழ்த்தேன்.
அந்த இரண்டு விரல் மட்டும் புது வெள்ளை.
"எல்லாருக்கும் தெரியும் அம்மா" என்றாள் அபிஷனா.
நீலம் போட்டுத் தோய்த்தேன்.
அப்போதும் தெரிந்தது.
இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.
அவள் பக்கமும் நியாயம் இருந்தது,
பள்ளிக்கூடத்துக்கு நானா போகிறேன்?

நாலாம் செவ்வாய் டிரக்டர் வந்தது.
கையுறை போட்ட பெடியன்
படலையில் தொங்கிய சின்ன முடிச்சைத் தூக்கினான்.
முடிச்சைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான்.
"அக்கா, எங்கயும் ஊருக்குப் போயிருந்தீங்களா?"
ஓம், என்று சொல்லிவிட்டேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

உள்ளே வந்தால்
குசினி மூலையில் தவநேசன்,
வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்க,
பொன்னிறத் தாளொன்றை நாலாய் மடித்து
சட்டைப்பைக்குள் வைக்கிறான்.