ஏழாம் நம்பர்

காட்பாடி ஸ்டேஷன் எதிரே
கஜலட்சுமி லாட்ஜை இடித்தபோது
ஆயிரத்து இருநூறுக்கு ஒரு கதவு வாங்கினேன்.
விருதம்பட்டில் எங்கள் குளியலறைக்கு
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
பித்தளை நம்பரைக் கழற்றவில்லை.
"ஏழு காலியா?" என்று கேட்டுக்கொண்டுதான்
ரேணுகா துண்டோடு வருவாள்.

உள்பக்கம் ஆணியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி.
இருபத்து மூன்றில் நிற்கிறது.
ஊர் திரும்பினார்களா,
ஆஸ்பத்திரிக்குப் பக்கமாய் அறை மாறினார்களா,
வேறு ஏதாவதா.
அடியில் வங்காளத்தில் ஒரு வரி.

லாட்ஜின் கீழே இருந்தது தணிகாசலம் மெஸ்.
கடுகெண்ணெய் வாடைக்கு மூக்கைப் பொத்துவார்.
பொத்திக்கொண்டே
அவர்கள் மீன் வறுக்கப் பின்கட்டில்
ஒரு ஸ்டவ் வாங்கிப் போட்டிருந்தார்.
திரி மாற்றியதைக்கூட
யார் கணக்கிலும் எழுதியதில்லை.
"தால்" என்று கேட்டால்
"சாம்பார், புளி இல்லாம!" என்று உள்ளே கத்துவார்.

எதிர்ச் சாரியில் கவுஸ் பாய் ஓட்டல்.
ஹௌரா வண்டி எத்தனை மணி லேட்டோ
அத்தனை மணி பாயா கொதிக்கும்.
அங்கே இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன.
மெஸ் ஏடிஎம் ஆகி,
ஏடிஎம்மும் மூடிவிட்டது.

அந்த வரியைப் பல வருஷம்
பிரார்த்தனை என்றே நினைத்திருந்தேன்.
ஒருநாள் கதவைத் திறக்காமல்
உள்ளேயே நின்று அழக்கூடச் செய்தேன்.
போன மாதம் மாடிக்குக் குடிவந்த நர்ஸ் சுதபா
பல்துலக்கியபடி படித்துச் சொன்னாள்:
"வெந்நீர் ஆறு மணி வரைதான்.
முன்னாடியே போங்கள்."

எங்களிடம் கீசர் இருக்கிறது.
இருந்தும்
ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.