ஏழாம் இலக்க முட்டை

பங்குனிக் கடைசியில் படுத்தாள்.
குளிக்கிற மறைப்புக்குப் பின்னால்,
திட்ட வீடு கட்டி மிஞ்சிய தகரத்துக்கும்
உக்கிய கிடுகுக்கும் இடையில்.
என் செருப்புச் சத்தத்துக்கே ஓடி வருகிறவள்,
கையை நீட்ட, பாம்பு மாதிரிச் சீறினாள்.

கீழே தடவினேன்.
நான்கு முட்டை, ஒரு தேங்காய்ச் சிரட்டை.
நான்கும் கூழ்முட்டை.
எங்கள் ஆண் தாராவைக்
கீரி கொண்டுபோய் மூன்று மாதம்.
சிரட்டையைத்தான்
நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தாள்.

"மூண்டு தரம் தண்ணிக்குள்ள முக்கு,
அடை தெளிஞ்சிடும்" என்றான் யோகதாஸ்.
கோழிக்குச் சொன்ன வைத்தியம்.
தாராவுக்கு அது குளிப்பு.
சிறகைச் சிலுப்பி என் கண்ணில் அடித்துவிட்டு
சிரட்டைக்கே திரும்பிப் போனாள்.

மெற்றில்டா அக்கா ஒன்பது முட்டை தந்தா.
காசு வேண்டாம், பொரித்தால் இரண்டு குஞ்சு.
பொரிக்காவிட்டால்?
"வலதுகரை றோட்டால வராத,
வாய்க்காலால சுத்திப் போ."

பென்சிலால் இலக்கம் போட்டேன்,
ஒன்றிலிருந்து ஒன்பது வரை.
கை நடுங்கவில்லை.
நடுங்குகிற கைகளை
எங்கள் வேலைக்கு எடுப்பதில்லை.

ஐந்தரைக்கு வாகனம் வரும்.
அதற்கு முன் அவளைத் தூக்கி வெளியே விடவேண்டும்.
முதலில் ஒரு கும்பம் கழிப்பாள்,
ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தது,
அயல்வீட்டு நாயே எழும்பிப் போகிற நாற்றம்.
பிறகு தவிடு. பிறகு பேசின் தண்ணீர்.
ஈர நெஞ்சோடு முட்டைகளில் ஏறி,
அலகால் ஒவ்வொன்றாய் உருட்டி,
பிடுங்கிய தூவியை இழுத்து மூடுவாள்.
நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவேன்.

நெடுங்கேணிப் பக்கம் காடு.
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நான்.
கருவி கத்துகிற எல்லாவற்றையும்
வெடிக்கும் என்று நினைத்தே சுரண்டவேண்டும்.
அநேகமாய் ஆணி. மீன்ரின்.
ஒருநாள் பால்மாப் பேணியின் மூடி,
கரண்டி அதற்குள்ளேயே.
ஒன்பது வருசம்.
கொட்டாவி விடவும் பழகிவிட்டேன்.

பத்தாம் இரவு
போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எட்டில் சிவப்பு நரம்பு, சிலந்தி வலை போல.
ஏழாம் இலக்கத்தில்
ஒரு நிழல். அசைந்ததா,
என் கைதான் அசைந்ததா?
"எடுத்தெறி, அழுகினா வெடிக்கும்,
எல்லாத்தையும் பழுதாக்கும்" என்றான் அவன்.
சரிதான்.
திரும்ப அவளுக்குக் கீழே தள்ளினேன்.
ஏன் என்று கேட்டான்.
சோற்றைப் போட்டேன்.

இருபதாம் நாள் தங்கல் வேலை வந்தது, மூன்று இரவு.
யோகதாஸ் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் போட்டுத்தான்
அவளைத் தூக்கினானாம்.
அப்படியும் கையில் கவ்விவிட்டாளாம்.
போனில் இதைச் சொல்லும்போது
அவன் குரலில் முறைப்பாடு இல்லை.
அவள் குளித்துத் திரும்புமட்டும்
முட்டைகளை என்ர சாரத்தால் மூடி வச்சனான்,
சூடு போயிடும் எண்டு, என்றான்.

இருபத்தெட்டில் உள்ளிருந்து தட்டினார்கள்.
காதில் வைத்துக் கேட்டேன்,
எந்தப் பயிற்சியும் அனுமதிக்காத முறையில்.
எட்டுக் குஞ்சு.
ஒன்றை அவளே மிதித்துவிட்டாள்.
மெற்றில்டா அக்கா வந்து
அதிகம் கத்துகிற இரண்டைப் பொறுக்கிக்கொண்டு போனா.

ஏழு இன்னும் கிடந்தது.
இரண்டு நாள் அவளும் எழும்பவில்லை,
குஞ்சுகள் முதுகில் ஏறிச் சறுக்கின.
மூன்றாம் நாள் காலை
திரும்பிப் பாராமல் வாய்க்காலுக்கு நடந்தாள்.

தேசி மரத்தடியில் ஒரு முழ ஆழம் தோண்டி,
வெடிக்காமல் வைத்து,
மண்ணை மிதிக்காமல் மூடினேன்.
சிவப்புத் தடி நடவில்லை.

மறுநாள் பின்னேரம்
ஐந்தும் அந்த ஈர மண்ணில்தான்
அலகைக் குத்திப் புழுத் தேடின.
"தள்ளிப் போங்கோ!" என்று
என் தொண்டை கிழியக் கத்தினேன்.
யோகதாஸ் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

குஞ்சுகள் தலையைச் சரித்து
ஒரு கண்ணால் பார்த்தன.
பிறகு தொடர்ந்து கொத்தின.